மூன்று நிரல் அட்டவணைக்காகவே பிராட்: கடுகுக் குடும்பத்தில் ஜீன் தேடி அலைந்தவனின் விமர்சனம்

நேரே சொல்லிவிடுகிறேன். கடுகு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், டர்னிப், கனோலா என்று பிராசிகா பயிர் எதிலாவது படியெடுப்புக் காரணிக் (மற்ற ஜீன்களை இயக்கும், அடக்கும் புரதங்கள்) குடும்பம் ஒன்றைக் கையில் எடுக்கப் போகிறீர்கள் என்றால், வேறு எந்த மென்பொருளையும் இறக்குவதற்கு முன்னால் பிராட் தளத்தைத் திறந்து, அதில் சின்டெனி அட்டவணை (இரண்டு செடிகளின் குரோமோசோம்களில் ஒரே வரிசையில் நிற்கும் ஜீன்களை எதிரெதிரே வைக்கும் அட்டவணை) எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். முதலில் படம் வரையும் மென்பொருள், அப்புறம் புரொமோட்டர் (ஜீனுக்கு முன்னால் நின்று அதை இயக்கும் பகுதி) அலசல், அப்புறம் பிரைமர் (ஜீனைப் பிரதியெடுக்கத் தொடக்கமாக வைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு), எல்லாம் குழம்பிய பிறகு கடைசியில் பிராட். அந்த வரிசையால் எனக்குப் போனது ஏறக்குறைய ஒரு பருவம்.

பிராட் என்பது பிராசிகா டேட்டாபேஸின் சுருக்கப் பெயர். சீன வேளாண் அறிவியல் கழகத்தின் காய்கறி, மலர் ஆய்வு நிறுவனம் இதை நடத்துகிறது. பிராசிகா ராப்பாவின் (டர்னிப், சீன முட்டைக்கோஸ் இனம்) ஜீனோம், அதாவது முழு டி.என்.ஏ. வரிசை, வெளியான அதே 2011-இல்தான் இதுவும் ஒரு கட்டுரையாக அறிமுகமானது, இப்போது இருப்பது மூன்றாவது பதிப்பு. இலவசம். ஜீனோம் கோப்புகளை இறக்கலாம், பிளாஸ்ட் (ஒத்த வரிசைகளைத் தேடும் கருவி) ஓட்டலாம், குரோமோசோமை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். இதையெல்லாம் மற்ற தளங்களும் செய்கின்றன, அதற்காக நான் உட்கார்ந்து விமர்சனம் எழுத மாட்டேன். எழுத வைத்தது அந்த அட்டவணை.

அட்டவணையைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழங்கதை வேண்டும். ஆய்வகங்களின் மாதிரிச் செடியான அராபிடாப்ஸிஸும் பிராசிகாவும் ஒரே குடும்பம், பங்காளிகள். இரண்டும் பிரிந்த பிறகு, ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், பிராசிகா பக்கத்தில் மொத்த ஜீனோமும் மும்மடங்காகிவிட்டது. அதாவது அராபிடாப்ஸிஸில் ஒரு ஜீன் இருந்தால், பிராசிகா ராப்பாவில் அதற்கு மூன்று இருக்க வேண்டும். ஆனால் இருக்காது, காலப்போக்கில் பல பிரதிகள் உதிர்ந்து போய்விட்டன. மும்மடங்கான ஜீனோமின் மூன்று பாகங்களில் எதில் உதிர்வு குறைவோ அதற்கு எல்.எஃப். என்று பெயர், மற்ற இரண்டும் எம்.எஃப்.1, எம்.எஃப்.2. பிராடில் அராபிடாப்ஸிஸ் ஜீனின் எண்ணைத் தட்டினால் ஒரு வரி வருகிறது. அந்த வரியில் இந்த மூன்றுக்கும் மூன்று நிரல். பிரதி இருந்தால் அதன் எண், உதிர்ந்திருந்தால் வெறுமை. இந்த ஜீன் எந்தப் பழைய குரோமோசோம் துண்டிலிருந்து வந்தது என்று ஏ முதல் எக்ஸ் வரையிலான 24 துண்டுகளில் ஒன்றின் பெயரும் கூடவே இருக்கும். அவ்வளவுதான். வண்ணம் கிடையாது, வட்டப் படம் கிடையாது. எனக்கு இதுவே போதும்.

ஏன் போதும் என்பதற்கு என் சொந்தச் சங்கடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்பு அழுத்தத்தில் வொர்க்கி என்ற படியெடுப்புக் காரணிக் குடும்பத்து ஜீன் ஒன்றின் இயக்கம் ஏறுகிறதா என்று பார்க்க, ஜீனின் இயக்கத்தை அளக்கும் கியூ.பி.சி.ஆர். சோதனை வைத்திருந்தேன் (டபிள்யூ, ஆர், கே, ஒய் என்று நாலு எழுத்தையும் தனித்தனியாகச் சொன்னால் ஆய்வகத்தில் யாருக்கும் புரியாது, எல்லோருக்கும் அது வொர்க்கிதான்). உப்புக் கரைசல் ஊற்றிய செடி மூன்று, வெறும் தண்ணீர் ஊற்றியது மூன்று. ஓட்டி முடித்து மெல்ட் கர்வைத் (பெருக்கிய டி.என்.ஏ. எந்தச் சூட்டில் பிரிகிறது என்று காட்டும் கோடு) திறந்தால், ஒரே கூம்பாக வர வேண்டிய இடத்தில் ஒரு கூம்பும், அதன் இடது தோளில் ஒரு சின்னப் புடைப்பும். பிரைமர்கள் தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொண்ட பிரைமர் டைமராக இருக்கும் என்று நினைத்து பிரைமர் அளவைக் குறைத்தேன். புடைப்பு அசையவில்லை. சூட்டைக் கூட்டினேன், அப்போதும் அசையவில்லை. சரி, ஜெல்லில் பார்த்துவிடுவோம் என்று ஓட்டினால் அழகான ஒற்றைப் பட்டை. அதைப் பார்த்து நிம்மதியாகிவிட்டேன் பாருங்கள், அங்கேதான் தப்பு. என் பிரைமர் பிடித்தது ஒரே ஜீனின் இரண்டு பிரதிகளை என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டும் ஒரே நீளம், உள்ளே ஏழெட்டு எழுத்துதான் மாறியிருக்கிறது. ஜெல் நீளத்தைத்தான் பிரிக்கும், எழுத்தை எப்படிப் பிரிக்கும்?

அப்புறம்தான் பிராடில் அந்த அராபிடாப்ஸிஸ் எண்ணைப் போட்டேன். எல்.எஃப். நிரலில் ஒன்று, எம்.எஃப்.1 காலி, எம்.எஃப்.2-இல் இன்னொன்று. இரண்டின் வரிசையையும் பக்கத்தில் வைத்தால் என் பிரைமர் இரண்டிலும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் உட்காருகிறது. நான் அளந்துகொண்டிருந்தது இரண்டு ஜீன்களின் கூட்டுத்தொகை. புரதம் செய்யும் பகுதி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததால், பிரைமரை அதற்கு வெளியே, ஸ்டாப் கோடானைத் தாண்டிய வால் பகுதிக்கு நகர்த்தினேன், மாறுகிற எழுத்து பிரைமரின் கடைசி எழுத்தாக வரும்படி வைத்தேன். இப்போது கூம்பு ஒன்றுதான். அதைவிட முக்கியம், ஒரு பிரதி உப்புக்குத் தெளிவாக ஏறியது, மற்றது உப்பு வந்ததே தெரியாத மாதிரி கிடந்தது. முன்பு இரண்டும் கலந்து 'சுமாராக ஏறுகிறது' என்று காட்டிக்கொண்டிருந்தது. அப்படியே எழுதியும் இருப்பேன்.

எண்ணிக்கையைப் பார்த்தாலும் இந்த மூன்று நிரல் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். அராபிடாப்ஸிஸில் வொர்க்கி 70-க்குச் சற்று மேல். மூன்றால் பெருக்கினால் 220 அளவில் வர வேண்டும், ராப்பாவில் எண்ணியவர்கள் சொன்னது 145. ஏபி2/ஈ.ஆர்.எஃப். என்ற இன்னொரு காரணிக் குடும்பம் அராபிடாப்ஸிஸில் 147, பெருக்கினால் 441, ராப்பாவில் கிடைத்தது 291. இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு தங்கியிருக்கிறது. மொத்த ஜீனோமுக்கு இதே கணக்கைப் போடுங்கள்: அராபிடாப்ஸிஸில் 27,000 சொச்சம், மும்மடங்கு 81,000, ராப்பாவின் முதல் ஜீனோமில் எண்ணியது 41,174. பாதிதான். அதாவது பொதுவாகப் பாதி உதிர்ந்த இடத்தில், படியெடுப்புக் காரணிகள் மட்டும் கொஞ்சம் கெட்டியாகத் தங்கியிருக்கின்றன. சுற்றுச்சூழலுக்கும் ஹார்மோனுக்கும் எதிர்வினை காட்டும் ஜீன்கள் கூடுதலாகத் தங்கியிருப்பதை 2011 கட்டுரையே சொல்லியிருந்தது. ஆகவே அழுத்தம் தொடர்பான குடும்பத்தில் கை வைக்கிறவருக்குத்தான் 'எந்தப் பிரதி?' என்ற கேள்வி மற்றவர்களைவிட அடிக்கடி வரும்.

குறையும் உண்டு. அட்டவணை இடத்தை வைத்துத் தேடுகிறது, அக்கம்பக்கம் ஒத்துப்போனால்தான் வரிசையில் சேர்க்கும். இடம் பெயர்ந்து வேறெங்கோ போய் உட்கார்ந்த பிரதியை அது காட்டாது. எஃப்.எல்.சி. நல்ல உதாரணம். குளிர் பட்ட பிறகுதான் பூக்க வேண்டும் என்று செடியைப் பிடித்து வைத்திருக்கும் மேட்ஸ் என்ற படியெடுப்புக் காரணிக் குடும்பத்து ஜீன் அது. ராப்பாவில் அதற்கு நாலு பிரதிகள்: ஏ02-இல் ஒன்று, ஏ10-இல் ஒன்று, ஏ03-இல் இரண்டு. மூன்று நிரலில் நாலை எங்கே வைப்பது? அதனால் குடும்பத்தை முழுசாக எண்ண வேண்டுமானால் எச்.எம்.எம்.இ.ஆர். என்ற தேடல் மென்பொருளை வைத்து டொமைன் (புரதத்தில் அந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டும் பகுதி) தேடல் தனியாகச் செய்தே ஆக வேண்டும். அட்டவணை அதற்கு மாற்று கிடையாது. புதிதாக வருகிறவருக்கு எல்.எஃப்., எம்.எஃப். என்றால் என்ன என்பதை வேறெங்காவது படித்துவிட்டுத்தான் வர வேண்டும். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அரையை இதற்காகக் கழித்தேன்.

டொமைன் தேடல் என்றதும் பிஃபாம், அதாவது டொமைன்களின் தரவுத்தளம். பழைய கட்டுரையில் பார்த்த முகவரியைத் தட்டிவிட்டு 'தளம் செத்துவிட்டதா' என்று கேட்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். சாகவில்லை, 2023 தொடக்கத்திலிருந்து அது இன்டர்ப்ரோ என்ற இன்னொரு தளத்துக்குள்தான் குடியிருக்கிறது. எண்கள் மாறவில்லை: வொர்க்கிக்கு பி.எஃப்.03106, ஏபி2-க்கு 00847, நாக் குடும்பத்துக்கு 02365, பி-ஸிப்புக்கு 00170, வெப்ப அதிர்ச்சிக் காரணிக்கு 00447. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வேலை செய்கிறது.

பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் பிளான்ட்-டி.எஃப்.டி.பி. என்ற படியெடுப்புக் காரணித் தரவுத்தளம் பற்றி ஒரு எச்சரிக்கை. 165 இனங்கள், 58 குடும்பங்கள், பார்க்க ஒழுங்கான தளம். உங்கள் புரத வரிசையை ஒட்டினால் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடும், இதை நான் நிறையப் பயன்படுத்துகிறேன். ஆனால் அது ஏபி2, ஈ.ஆர்.எஃப்., ரேவ் மூன்றையும் தனித்தனிக் குடும்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் பிஃபாமின் 00847-ஐ மட்டும் வைத்துத் தேடினால் மூன்றும் ஒரே வலையில் விழும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், இரண்டும் சரிதான், வேலி போட்ட இடம்தான் வேறு. ஐந்துக்கு நாலு.

இனி எல்லோருக்கும் பிடித்த டிபி-டூல்ஸ். ஜாவாவில் ஓடுகிற மேசைக்கணினி மென்பொருள், 2020-இல் கட்டுரையாக வந்தது, பிறகு இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. கருப்புத் திரையில் கட்டளை தட்டத் தெரியாதவருக்கு இது பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மோட்டிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கோவை) படம், எக்ஸான் (ஜீனின் துண்டுகள்) படம், குரோமோசோமில் ஜீன் எங்கே இருக்கிறது என்ற படம், வட்டத்துக்குள் எந்த ஜீன் எதன் பிரதி என்று வளைவு வளைவாக ஓடும் டூப்ளிகேஷன் படம், நிறத்தால் அளவைக் காட்டும் ஹீட்மேப், எல்லாம் இழுத்துப் போட்டால் வந்துவிடும். ஒரே மதியத்தில் ஆறு படங்கள் செய்திருக்கிறேன். பிரச்சினை மென்பொருளில் இல்லை, அந்த மதியத்தில்தான். ஆறு படம் கையில் இருக்கும்போது ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருக்கும். அதில் எந்தப் படமும் 'இந்தப் பிரதி வறட்சிக்கு எதிர்வினை காட்டுகிறது, அது காட்டவில்லை' என்று சொல்லவில்லை. வட்டப் படத்தில் வளைவுகள் அடர்த்தியாக இருக்கிறதே என்று கேட்டால், மும்மடங்கான ஜீனோமில் வளைவு அடர்த்தியாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? கருவிக்கு ஐந்துக்கு ஐந்து. கருவியை வைத்து நான் முதல் வருடம் செய்ததற்கு இரண்டு.

புரொமோட்டர் அலசும் பிளான்ட்கேர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 2002-இல் கட்டுரையாக வெளியான தளம். ஜீனுக்கு முன்னால் உள்ள 1,500 அல்லது 2,000 எழுத்துகளை ஒட்டினால், அதில் எந்தெந்தச் சிறு அடையாளங்கள் இருக்கின்றன என்று பட்டியல் தரும். பட்டியலில் ஏ.பி.ஆர்.இ. (வறட்சியோடு தொடர்புள்ள ஆப்ஸிசிக் அமிலம் என்ற செடி ஹார்மோனுக்கான அடையாளம்) வந்தால் உடனே 'ஆப்ஸிசிக் அமிலத்துக்கு எதிர்வினை காட்டும் ஜீன், ஆகவே வறட்சி' என்று எழுதிவிடுகிறோம். ஒரு சின்னக் கணக்கு. ஏ.பி.ஆர்.இ.-யின் உள்மையம் ஏ-சி-ஜி-டி-ஜி, ஐந்து எழுத்து. நாலு எழுத்தும் சமமாக வருவதாக வைத்தால், ஐந்தெழுத்துக் கோவை ஒன்று 1,024 இடத்துக்கு ஒருமுறை தற்செயலாகவே வரும். 2,000 எழுத்து, இரண்டு இழையும் சேர்த்து 4,000 இடம், ஆக ஏறக்குறைய நாலு முறை. ஒன்றுமே செய்யாத டி.என்.ஏ.விலும் நாலு ஏ.பி.ஆர்.இ. கிடைக்கும் என்றால், என் ஜீனில் மூன்று இருக்கிறது என்பது என்ன செய்தி?

இன்னொன்று, கவனித்துப் பாருங்கள். அதே பட்டியலில் சி-ஜி-டி-சி-ஏ என்று ஒரு மோட்டிஃப், டி-ஜி-ஏ-சி-ஜி என்று ஒரு மோட்டிஃப், இரண்டுக்கும் எதிரே மெதில் ஜாஸ்மோனேட் என்ற இன்னொரு செடி ஹார்மோனின் பெயர் போட்டிருக்கும். இரண்டின் எண்ணிக்கையும் ஜீனுக்கு ஜீன் அப்படியே ஒத்துப்போகும். எத்தனையோ ஹீட்மேப்பில் இரண்டு நிரல்களும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே நிறத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றை எதிர் இழையில் திருப்பிப் படித்தால் மற்றது வரும், அவ்வளவுதான் ரகசியம். ஒரே அடையாளத்தை இரண்டு முறை எண்ணிவிட்டு 'ஜாஸ்மோனேட் அடையாளங்கள் மிகுதி' என்று எழுதினால் அது கணக்குப் பிழை. நானும் அப்படி ஒரு வாக்கியம் எழுதி, பிறகு அடித்தேன். தளத்தின் மேல் பழி சொல்ல மாட்டேன், அது கேட்டதைக் கொடுக்கிறது. முதல் பார்வைக்கு நல்லது, முடிவுக்கு ஆகாது. ஐந்துக்கு இரண்டரை.

இலவசம் இல்லாத சேவை ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். ஆர்.என்.ஏ. சீக்வென்ஸிங்குக்கு (எல்லா ஜீன்களின் இயக்கத்தையும் ஒரே முறையில் அளப்பது) மாதிரிகளை வெளியே ஒரு நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தோம். நேரத்துக்கு வந்தது, தரம் நன்றாகவே இருந்தது, பளபளவென்று ஓர் அறிக்கையும் கூட வந்தது. என் வொர்க்கி பட்டியலை அவர்கள் தந்த அட்டவணையோடு சேர்த்தால் ஒரு ஜீன்கூடப் பொருந்தவில்லை. என் கையில் இருந்தவை ராப்பா ஜீனோமின் மூன்றாம் பதிப்பு எண்கள்: பெயரிலேயே ஏ03 என்று குரோமோசோம் இருக்கும், முடிவில் 3சி என்று ஒரு வால் இருக்கும். அவர்கள் தந்தவை பழைய பதிப்பின் எண்கள், 'பிரா' என்ற முன்னெழுத்தும் ஆறு இலக்கமும். எந்தப் பதிப்போடு ஒப்பிட்டார்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்தில் தேடினேன், இல்லை, கடைசிப் பக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பின் பெயருக்குள் ஒளிந்திருந்தது. கேட்டபோது 'எல்லோருக்கும் இதில்தான் செய்கிறோம்' என்றார்கள். மறுபடி செய்யச் சொல்லிக் கெஞ்சுவதற்குப் பதிலாக மூலக் கோப்புகளை வாங்கி நாங்களே புதுப் பதிப்போடு ஓட்டினோம். ஆகவே, மாதிரியை அனுப்பும் முன்பே எந்த ஜீனோம், எந்தப் பதிப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூலக் கோப்புகளையும் கட்டாயம் வாங்கி வையுங்கள். அந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்று, சீக்வென்ஸிங் நன்றாக இருந்ததால்தான் மூன்று.

காசு இல்லாவிட்டால் மற்றவர்கள் பொதுவில் போட்டு வைத்த தரவு இருக்கவே இருக்கிறது, அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. நடத்தும் எஸ்.ஆர்.ஏ. என்ற பொதுக் கிடங்கில் பிராசிகாவுக்குக் குறைவே இல்லை. நன்றாகப் பயன்படும், ஒன்றை மட்டும் பாருங்கள்: மாதிரியை எப்போது எடுத்தார்கள். குளிருக்கு ஏறும் சி.பி.எஃப். ஜீன்கள் அராபிடாப்ஸிஸில் பதினைந்தே நிமிடத்தில் ஏறத் தொடங்கி, சில மணி நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். ஒரு நாள் குளிரில் வைத்துவிட்டு எடுத்த மாதிரியில் அதைத் தேடி, 'பிராசிகாவில் இது குளிருக்கு எதிர்வினை காட்டவில்லை' என்று முடிவு கட்டினால், பேருந்து போன பிறகு நிறுத்தத்தில் நின்று பேருந்தே ஓடுவதில்லை என்று சொல்கிற கதைதான். அதே ஜீன்கள் நாளின் நேரத்துக்கும் ஏறி இறங்கும். குளிரில் வைத்த செடியை மாலையிலும், வைக்காத செடியைக் காலையிலும் எடுத்திருந்தால் வித்தியாசம் குளிருடையதா கடிகாரத்துடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்திய வகைக் கடுகிலோ கனோலாவிலோ வேலை செய்கிறவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் இரண்டு மடங்கு. 1935-இல் யு என்ற ஆய்வாளர் வரைந்த முக்கோணம் நினைவிருக்கும், அதன் மூன்று மூலைகளும் மூன்று ஜீனோம்கள்: ராப்பாவின் ஏ, நைக்ராவின் (கருங்கடுகு) பி, ஒலரேசியாவின் (முட்டைக்கோஸ்) சி. ஜுன்சியா என்னும் கடுகில் ஏயும் பியும் சேர்ந்து 18 ஜோடி குரோமோசோம், கனோலாவான நேப்பஸில் ஏயும் சியும் சேர்ந்து 19. ஒவ்வொரு பக்கமும் ஏற்கெனவே மும்மடங்கானது, எனவே ஓர் அராபிடாப்ஸிஸ் ஜீனுக்கு ஆறு பிரதி வரை எதிர்பார்க்கலாம். 2014-இல் வந்த நேப்பஸ் ஜீனோமில் எண்ணிய ஜீன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், 1,01,040. அங்கே போய் ஒரே ஒரு பிரைமர் ஜோடியை வைத்துக்கொண்டு 'வொர்க்கி ஏறியது' என்று எழுதினால், ஆறு பேர் பேசுகிற அறையின் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்த மாதிரிதான். பிராடின் அட்டவணையில் ஏ பக்கத்துக்கும் சி பக்கத்துக்கும் நிரல்கள் தனித்தனியாக வருவதால் நேப்பஸ்காரர்களுக்கு இது இன்னும் அதிகம் பயன்படும் என்பது என் கணிப்பு.

பெயர் விஷயம் ஒன்று பாக்கி. ராப்பாவின் வொர்க்கிகளுக்கு ஒவ்வொரு கட்டுரையும் தன் இஷ்டப்படி எண் போட்டிருக்கிறது, சிலர் குரோமோசோம் வரிசைப்படி, சிலர் அராபிடாப்ஸிஸ் பெயர்ப்படி. ஒருவரின் 33 இன்னொருவரின் 33 என்று நம்ப முடியாது. அராபிடாப்ஸிஸின் வொர்க்கி-33 போட்ரைடிஸ் பூஞ்சைக்கு எதிரானது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ராப்பாவில் ஒரு ஜீனின் பெயரில் 33 இருப்பதாலேயே அது அந்த வேலையைச் செய்யும் என்று ஆகாது. இப்போது என் அட்டவணையில் முதல் நிரல் அராபிடாப்ஸிஸ் எண் (வொர்க்கி-33-க்கு ஏ.டி.2.ஜி.38470), இரண்டாவது நிரல் ராப்பா எண், மூன்றாவது நிரல் ஜீனோம் பதிப்பு, நாலாவது எல்.எஃப்.-ஆ எம்.எஃப்.-ஆ. கட்டுரைகளில் வந்த பெயர்களுக்குக் கடைசியில் ஒரு நிரல் வைத்திருக்கிறேன், அதில் ஒரே ஜீனுக்கு மூன்று பெயர்கள் இருக்கும் வரிகளும் உண்டு.